சில்லறை இல்லாத கடற்கரை

இந்தக் கட்டுரை திமிங்கிலங்களைப் பற்றியது. மெக்ஸிகோவின் பசிபிக் கரையில், ஹாலிஸ்கோ மாநிலத்தில், புவெர்த்தோ வயார்த்தா என்று ஓர் ஊர். அதன் முன்னே கிடக்கிற பந்தேராஸ் விரிகுடாவுக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்கடலை விட்டு வந்து குட்டி போடுகின்றன. “டல்லாஸில் பெண் வீட்டில்தானே இருக்கீர்? ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதும்” என்றார் பத்திரிகை நடத்தும் நண்பர். அமெரிக்க விசா வைத்திருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டாம் என்று மகளும் சொன்னாள். போனேன், வந்தேன், எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த ஊர் பஸ் டிரைவர் ஒருவரோடு எனக்குக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டுத் திமிங்கிலத்துக்கு வருகிறேன்.

போன வாரம்தான் நடந்தது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை. மீஸ்மலோயாவிலிருந்து ஊருக்குள் திரும்பும் பஸ். மீஸ்மலோயா என்பது 1963-ல் ஜான் ஹஸ்டன் ‘தி நைட் ஆஃப் தி இகுவானா’ படம் எடுத்த கடற்கரை. ரிச்சர்ட் பர்ட்டன் நடிக்க வந்தார். எலிசபெத் டெய்லர் சும்மா கூட வந்தார். இருவரும் அப்போது வேறு வேறு ஆட்களோடு கல்யாணமானவர்கள் என்பதால் உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் பின்னாலேயே வந்தார்கள். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஊர் சுற்றுலா ஊராகிவிட்டது. அந்த வம்பு நடந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள் என் மனைவி. பார்த்தோம். கடல் இருந்தது, மணல் இருந்தது, வம்பு போய்விட்டிருந்தது.

திரும்ப பஸ் ஏறி, டிரைவரிடம் 500 பெசோ நோட்டை நீட்டினேன். டிக்கெட் பத்துப் பெசோ. அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த குவாதலூப்பே மாதாவைப் பார்த்தார். “நோ ஐ காம்பியோ” என்றார். சில்லறை இல்லையாம்.

கியருக்குப் பக்கத்தில் ஒரு மரத்தட்டு. அதில் குழி குழியாகக் குடைந்து ஒரு பெசோ, இரண்டு, ஐந்து, பத்து என்று அளவுவாரியாக நாணயங்கள் நின்றுகொண்டிருந்தன. நான் பாதி ஆயுளை வங்கிக் காஷ் கவுண்டரில் கழித்தவன். அடுக்கின காசை எட்ட நின்று பார்த்தாலே தொகை சொல்லுவேன். 490 பெசோ அதில் இராது என்று வேண்டுமானால் வாதத்துக்குச் சொல்லலாம். வாதத்துக்குத்தான். கேள்வி தொகையைப் பற்றியதல்ல, தோரணையைப் பற்றியது. இருக்கிற காசைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வதற்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன். மாலை நாலு மணிக்கு மேல் பத்து ரூபாய்க் கட்டு கேட்டு வருகிற மளிகைக்கடைக்காரர்களுக்கு அதைத்தான் நான் காட்டிவந்தேன்.

பின்னால் ஒரு பாட்டியம்மா நின்றிருந்தார். பாட்டியம்மா என்கிறேன், என்னைவிட இரண்டு வயது சின்னவராகத்தான் இருப்பார். பையிலிருந்து பத்துப் பெசோ நாணயம் ஒன்றை எடுத்து எனக்காகத் தட்டில் போட்டு, என் தோளை வேறு தட்டிக் கொடுத்தார். மகள் சில்லறை தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பத்தைத் திருப்பித் தரலாம் என்று நோட்டை அவரிடம் நீட்டினால், அவரிடமும் சில்லறை இல்லை! பஸ் முழுக்க என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. பையில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பெசோவோடு, பரதேசத்தில், தர்ம டிக்கெட்டில் பயணம் செய்த காஷியர் இந்தியாவில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

குற்றம் ஏடிஎம்முடையது. அந்த ஊரில் எந்த இயந்திரத்தில் கார்டைச் செருகினாலும் 500, 500, 500 என்று நீல நீலமாகத் துப்புகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்துக்குள் சில பெட்டிகள்தான் உண்டு. ஒரு பெட்டியில் இத்தனை தாள்தான் அடங்கும். அதில் ஐம்பதை அடுக்கினால் காலையில் நிரப்பியது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஐந்நூறை அடுக்கினால் நாலு நாள் தாங்கும். பணம் ஏற்றிவரும் வண்டிக்கு டீசல் மிச்சம், துப்பாக்கிக்காரருக்குப் படி மிச்சம். மிச்சம் பிடித்த அத்தனையும் என் தலையில்.

ஐந்நூறுக்குப் பதில் நானூறு கேட்டால் இயந்திரம் வேறு வழியில்லாமல் இருநூறோ நூறோ கொடுத்தாக வேண்டும். இது எல்லாக் காஷியருக்கும் தெரிந்த வித்தை. செய்தேன். கொடுத்தது. மறுபடி நானூறு, மறுபடி நானூறு. ராத்திரி மகள் போனில் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, “அப்பா, ஒவ்வொரு தடவைக்கும் அவங்க தனியா கட்டணம் பிடிச்சிருக்காங்க. சில்லறையை வெலைக்கு வாங்கியிருக்கீங்க” என்றாள். வாங்கியதில் வருத்தமில்லை. விலை சொல்லாமல் விற்றதுதான் வருத்தம்.

நோட்டு அழகான நோட்டுத்தான், அதையும் சொல்லவேண்டும். 2018-ல் வெளியிட்ட வரிசை. முன்பக்கம் பெனிட்டோ ஹுவாரெஸ், சப்போட்டெக் பழங்குடியிலிருந்து வந்து நாட்டின் அதிபரானவர். பின்பக்கம், நம்புங்கள், ஒரு திமிங்கிலமும் அதன் குட்டியும். நண்பர் கேட்ட சரக்கு முதல் நாளே என் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடாது. இது சாம்பல் திமிங்கிலம். பாஹா கலிஃபோர்னியாப் பக்கம் எல் விஸ்கைனோ என்கிற சரணாலயத்து ஆசாமி. நம்முடையது கூன்முதுகு. அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

மற்ற நோட்டுகளும் குறைவில்லை. நூறில் பதினேழாம் நூற்றாண்டுத் துறவிக் கவிஞர் சோர் ஹுவானா. பின்னால் மன்னர் வண்ணத்துப்பூச்சிகள். ஐம்பதில் அஹோலோட்டே என்கிற நீர்ப்பிராணி, சோச்சிமில்கோ வாய்க்கால்களில் வாழ்வது, சிரிக்கிற மாதிரியே முகம். 2021-ல் வெளிவந்த அந்த ஐம்பதை மெக்ஸிகோக்காரர்கள் செலவழிக்க மனம் வராமல் வீட்டில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அது சரி. செலவழிக்கவேண்டிய ஐம்பதைச் சிரிக்கிற முகத்தோடு அச்சடித்தது யார் தவறு? ஆக ஐம்பது பீரோவுக்குள், நூறு யார் கையிலோ, ஐந்நூறு என் கையில்.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, நாம் எல்லோரும் ஒரே ஜாதி. மணிபர்ஸில் ஐந்து பத்து ரூபாய்த் தாள் இருக்கும்போதே கண்டக்டரிடம் நூறை நீட்டி, “சில்லறை இல்லீங்க” என்று சொல்லிப் பழகிய வாய் இது. என் மனைவியின் கைப்பைக்குள் ஒரு பர்ஸ். பர்ஸுக்குள் ஒரு சுருக்குப்பை. சுருக்குப்பைக்குள் மடித்த காகிதத்தில் ஐந்து ரூபாய் நாணயங்கள். அவற்றைக் கேட்டால் “அது கோயிலுக்கு” என்பாள். எந்தக் கோயில் என்று இதுவரை தெரியவில்லை. கூகுள்பே வந்ததும் இந்தக் கலைகள் எல்லாம் நம் ஊரில் மங்கிவிட்டன. இளநீர்க்காரரே அட்டையைத் தொங்கவிட்டுவிட்டார். நாலரை ரூபாய்க்கும் டொய்ங் என்று சத்தம் வருகிறது. மாப்பிள்ளை வயசுக்காரர்களுக்குச் சில்லறை என்றால் என்னவென்றே தெரியாது. புவெர்த்தோ வயார்த்தா எனக்கு என் இளமையைத் திருப்பிக் கொடுத்தது என்று எழுதினால் ஆசிரியர் சந்தோஷப்படுவார். கொடுத்தது. இடுப்புவலியோடு கொடுத்தது.

அங்கே காலையில் கண் விழித்ததிலிருந்து நாணயம் வேண்டும். கடற்கரையில் கழிவறைக்குப் போனால் வாசலில் ஓர் அம்மாள் மேஜை போட்டு உட்கார்ந்து, நாலு மடிப்புக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பெசோ கேட்கிறார். அந்த அவசரத்தில் 500-ஐ நீட்டிப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டதும், ஏப்ரன் கட்டிய பெரியவர் ஒருவர் நம் காய்கறியைப் பையில் போட்டுத் தருகிறார். கடை அவருக்குச் சம்பளம் தருவதில்லை, நாம் கொடுக்கும் நாலைந்து பெசோதான் வருமானம். எனக்கு மூத்தவர். அவருக்கு மனதார இருபது கொடுக்க நினைத்தேன். மனம் இருந்தது, இருபது இல்லை. காரை நிறுத்தினால் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு ஒருவர் ஓடிவருகிறார். வீதி முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் “வியேனே, வியேனே” என்று வா வா சொல்லி நம்மை நிறுத்தச் செய்வார், ஒரு காசு. பஸ்ஸில் கிடாரோடு ஒருவர் ஏறி இரண்டு பாட்டுப் பாடுவார், ஒரு காசு.

மலெக்கோன் என்கிற கடலோர நடைபாதையில் மணல் சிற்பிகள் வாளி வைத்திருக்கிறார்கள். அதே நடைபாதையில் பாபந்த்லா பறப்பவர்கள். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சடங்கு. உயரக் கம்பத்தின் உச்சியில் ஒருவர் குழலும் சிறு மேளமும் வாசிக்க, நாலு பேர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாகச் சுழன்று சுழன்று இறங்குகிறார்கள். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தரை தொட்டதும் ஒருவர் தொப்பியோடு வந்தார். வானத்திலிருந்து தலைகீழாக இறங்கி வந்தவரிடம் ஐந்நூறுக்குச் சில்லறை கேட்க எனக்கே வாய் வரவில்லை. தூரத்துத் தூணை ஆராய்ந்துகொண்டு நகர்ந்துவிட்டேன்.

சில்லறை மாற்றுவதற்கென்றே நான் பொருள் வாங்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். முதலில் சூயிங்கம். எனக்குப் பல்செட். மூலைக்கடைப் பெண் கல்லாவைத் திறந்து, ஒரு பார்வை பார்த்து, படீரென்று மூடினாள். அங்கே ஒரு சங்கதி: பெரிய நோட்டு வந்தால் கொள்ளைக்குப் பயந்து கல்லாவில் வைத்துக்கொள்வதில்லை, கவுண்டருக்குக் கீழே பெட்டகம், அதன் வாயில் ஒரு துளை, அதற்குள் தள்ளிவிடுவார்கள். சாவி கடைச் சிப்பந்தியிடம் கிடையாது. ஆகவே ஊருக்குள் வரும் ஐந்நூறுகள் இயந்திரத்திலிருந்து புறப்பட்டு, என் வழியாக, அந்தத் துளைக்குள் போய், வண்டியேறி, மறுபடி இயந்திரத்துக்கே வந்துசேருகின்றன. என்னைக் குழாயாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு கண்டுபிடித்தேன்: காலை ஏழரை மணிக்குக் கூடாது, அப்போதுதான் திறந்திருப்பார்கள், கல்லா காலி. மத்தியானம் கூடாது, கூட்டம், கோபப்படுவார்கள். பதினோரு மணி சுமார் உத்தமம். மருந்துக்கடை உத்தமோத்தமம், அங்கே நோயாளி என்று இரக்கப்பட்டாவது கொடுக்கிறார்கள். இந்த ஆராய்ச்சியின் பலனாக என் பெட்டியில் மூன்று வகை இருமல் மாத்திரைகள் சேர்ந்தன. மாற்றிக் கொண்டுவந்த நாணயங்களை ராத்திரி விடுதிக் கட்டிலில் பரப்பி, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவேன். கோயில் உண்டியல் திறக்கும் நாட்களில் வங்கியிலிருந்து எங்களை அனுப்புவார்கள்; அன்று பழகிய கை. வெளியே கடல் இரைந்துகொண்டிருக்கும். “எல்லாரும் சூரியன் மறையறதைப் பார்க்கப் போயிருக்காங்க” என்பாள் மனைவி. சூரியன் நாளைக்கும் மறையும். ஐந்து பெசோ நாணயம் பதினொன்று கிடைத்தது இன்றைக்கு மட்டும்தான்.

“நீங்க ஏன் மாமா கஷ்டப்படறீங்க, கார்டு இருக்கே” என்றார் மாப்பிள்ளை. நல்ல பையன். அவர் கார்டை எடுத்த இடங்களில் பாதியில் இயந்திரம் இன்றைக்கு வேலை செய்யவில்லை என்றார்கள். மீதியில் ஒரு பெரியவர் அந்த இயந்திரத்தை ரேடியோ அலைவரிசை தேடுவது மாதிரி தலைக்கு மேலே தூக்கிப்பிடித்துக்கொண்டு கடையை விட்டுத் தெருவுக்கே போய்விட்டார். சிக்னல் தெருவில்தான் வருமாம். கார்டும் அவர் கையில் போயிற்று. மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். அன்று நான் சாப்பிட்ட மீன் டாக்கோ மாதிரி ருசியான டாக்கோவை அப்புறம் சாப்பிடவேயில்லை.

இப்போது தூபாக்காரர். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மலெக்கோனில் சாயங்காலம். இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சுரைக்குடுவை, பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளர்கள், ஒரு கிண்ணத்தில் பொடிப்பொடியாக நறுக்கிய ஆப்பிள், இன்னொன்றில் கொட்டைப்பருப்பு. வெள்ளைத் தொப்பி வைத்த ஆள். ஒரு டம்ளர் முப்பது பெசோ. வாங்கிக் குடித்தேன். குடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பதநீர்! தென்னம் பதநீர். சந்தேகமேயில்லை, தொண்டை மறக்குமா? அப்புறம் மகள் சொன்னாள்: 1565-லிருந்து 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் நடுவே ஸ்பானியர்கள் கப்பல் விட்டார்கள், அந்தக் கப்பல்களில் வந்த பிலிப்பினோக்கள்தான் இந்தக் கரைக்குத் தென்னம்பாளை சீவக் கற்றுக்கொடுத்தவர்கள், தூபா என்கிற பெயர்கூட அவர்கள் கொடுத்ததுதான் என்று. இரண்டு கடல் தாண்டி, முந்நூறு நானூறு வருஷம் தாண்டி, நம் பனங்காட்டுச் சங்கதிக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி இங்கே ஆப்பிள் துண்டோடு நிற்கிறான். இதைப் பற்றித் தனியாகவே நாலு பக்கம் எழுதலாம். எழுத விடாமல் குறுக்கே நின்றது 500 பெசோ.

குடித்து முடித்தபின் நோட்டை நீட்டினேன். முதலில் நீட்டியிருந்தால் தூபா கிடைத்திராது, இதுவும் அனுபவம்தான். அவர் சிரித்தார். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முறைப்படி. தொழில் தெரிந்தவர் என்று எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. பிறகு தன் முக்காலியை என் பக்கம் நகர்த்தி, உட்காரச் சொல்லி, கையில் அகப்பையையும் கொடுத்துவிட்டு, “அஒரிட்டா”, இதோ வந்துவிட்டேன் என்று சொல்லி நோட்டோடு போய்விட்டார். தெருவைக் கடந்து, ஐஸ்கிரீம் கடைக்குள் நுழைந்து, வெளியே வந்து, அடுத்த கடைக்குள் நுழைந்து, மறைந்தார்.

மனைவியும் மகளும் கடற்குதிரைமேல் பையன் உட்கார்ந்திருக்கிற சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முக்காலியில், அகப்பையோடு. என் நிறம் அந்த ஊருக்கு ஒன்றும் அந்நியமல்ல; மூன்று நாள் வெயில் வேறு. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வந்து நின்றது. இரண்டு டம்ளர் என்று விரல் காட்டினார்கள். நான் இந்தக் கடைக்காரன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மா ஏற்கெனவே ஆப்பிள் நிறையப் போடச் சொல்லிவிட்டார். போட்டேன். ஊற்றினேன். நுரை வராமல் ஊற்றவேண்டும் என்று கை தானாகப் பார்த்துக்கொண்டது. அறுபது பெசோ. அவர் நூறை நீட்டினார்.

மீதி நாற்பது. என் உள்பையில், பனியனுக்கு மேலே, மருந்துக்கடையில் மாற்றிய நாணயங்கள் முந்நூறு பெசோவுக்குக் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன்.

“நோ ஐ காம்பியோ” என்றேன்.

சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. வாய் சொல்லியது. உச்சரிப்பு பிரமாதமாக வந்தது என்று அப்புறம் மகள் சொன்னாள். அவள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. அந்தத் தம்பதி “பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி என்னையும் குடுவையையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று ஏதோ ஒரு குளிர் ஊரில், வரவேற்பறையில், மெக்ஸிகோவின் கடைசித் தூபாக்காரர் என்று என் படம் மாட்டியிருக்கக்கூடும்.

தூபாக்காரர் திரும்பி வந்தார். நூற்றெழுபது தாளாக, மீதி அத்தனையும் நாணயமாக, மொத்தம் 470. எண்ணி வாங்கினேன். நூறு பெசோ வியாபாரத்தையும் ஒப்படைத்து, நாற்பது அதிகம் வந்த விவரத்தைச் சைகையில் விளக்கினேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு டம்ளர் தூபா சும்மா ஊற்றிக் கொடுத்து, நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டதாக மகள் மொழிபெயர்த்தாள். ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வந்த ஒரே வேலை வாய்ப்பு.

ஊரிலேயே ஐந்நூறுக்குச் சில்லறை தரத் தயாராகச் சிரித்த முகத்தோடு நின்றவர்கள் ஒரே கூட்டத்தார்தான்: டைம்ஷேர் விற்கிறவர்கள். விமான நிலையத்தில் சுங்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வழிமறிக்கிறார்களே, அவர்கள். நடைபாதையிலும் குடை போட்டு நிற்கிறார்கள். டாக்ஸி இலவசம், காலைச் சாப்பாடு இலவசம், தகிலா இலவசம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டால் போதும். சில்லறை கேட்டேன். தருகிறேன், உட்காருங்கள் என்றார் ஒருவர். சீட்டுக் கம்பெனிக்காரர்களை மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் நான். நின்றபடியே விடைபெற்றேன்.

மாப்பிள்ளை கதை சின்னது. ஐந்நூறு நோட்டு நீலம், ஹுவாரெஸ் படம். பழைய இருபது பெசோ நோட்டும் நீலம், ஹுவாரெஸ் படம்! அது பிளாஸ்டிக், அளவில் சிறியது, பார்த்தால் தெரியும் என்பார்கள். காஷியர் பார்த்தால் தெரியும். லோஸ் முயெர்த்தோஸ் கடற்கரையில், இருட்டில், ஒரு பாட்டுக் குழுவின் அக்கார்டியன்காரர் காதுக்குள் வாசித்துக்கொண்டிருக்கும்போது மென்பொருள் எஞ்சினியர் பார்த்தால் தெரியாது. ஒரு பாட்டுக்கு இருபது என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் தொப்பியைக் கழற்றி வணங்கினார்கள். இரண்டாவது பாட்டு வாசித்தார்கள், நாங்கள் கேட்கவில்லை. மூன்றாவது. நாலாவதுக்குப் பக்கத்து மேஜைக் குழுவையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்தாவது பாட்டில்தான் மாப்பிள்ளை பர்ஸைத் திறந்து பார்த்து வெளிறிப்போனார். “கேட்டு வாங்குங்க” என்றாள் என் மனைவி. பாடி முடித்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்றார் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் நான் ஐந்நூறை நீட்டி எத்தனை பேர் முகத்தைப் பார்த்திருப்பேன். சில்லறையே கேட்காமல் ஒரு ஐந்நூறைச் சுமுகமாகச் செலவழித்த ஒரே ஆள் என் வீட்டு மாப்பிள்ளை.

சரி, திமிங்கிலம்.

2013-ல் திறந்த பாய்மர வடிவப் படகுத்துறை ஒன்று லோஸ் முயெர்த்தோஸ் கடற்கரையில் இருக்கிறது. அங்கிருந்து விரிகுடாவுக்குள் போகிற படகு. காலையிலேயே போனோம், ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. வழிகாட்டிப் பெண் நிறையத் தகவல் சொன்னாள். ஆண் திமிங்கிலங்கள் பாடுமாம். ஒரே பாட்டை மணிக்கணக்கில். கர்நாடக சங்கீதக்காரர்களைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது அதிசயமில்லை. வால் துடுப்பின் அடிப்பக்கத்து வெள்ளைத் திட்டுகளை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பதிவு செய்கிறார்களாம். நோட்டுக்கு நம்பர் மாதிரி என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னிலிருந்து இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். பெலிக்கன்கள். படகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. காத்திருக்கிற நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று படகுப் பையன் ஒருவன் அன்பளிப்பு வாளியோடு இருக்கை இருக்கையாக வரத் தொடங்கினான். நாணயம் எடுக்க வேண்டும். உள்பை மிதவைச் சட்டைக்கு அடியில். மிதவைச் சட்டைக்கு மூன்று பக்கிள். முதல் பக்கிளை அவிழ்த்தேன். இரண்டாவதை அவிழ்த்தேன். பையன் பக்கத்தில் வந்துவிட்டான். ஐம்பது கொடுப்பதா, முப்பது கொடுப்பதா என்று பைக்குள்ளேயே விரலால் பிரித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பெசோவும் ஐந்து பெசோவும் இரண்டு நிற உலோகம். தொட்டுப் பார்த்துப் பிரிக்கக் கொஞ்சம் கவனம் வேண்டும்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தனை பேரும் “ஓ” என்றார்கள். என் மனைவி “முருகா” என்றாள். வாளிப் பையன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். பத்துப் பெசோ மூன்றை எடுத்துக்கொண்டு நான் நிமிர்ந்தபோது கடலில் அகலமாக ஒரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. மேலே கொஞ்சம் நீர்த்தூவல் நின்றிருந்தது. மீன் வாடை.

“பாத்தீங்களா, எவ்ளோ பெருசு! முழு உடம்பும் மேல வந்துச்சே!” என்றாள் மகள். நண்பருக்கு எழுதவேண்டியதைப் பற்றி அவளிடம் விவரமாகக் கேட்டு ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் காகிதத்தின் பின்பக்கம் எத்தனை ஐந்து பெசோ, எத்தனை இரண்டு பெசோ என்ற அன்றைய ராத்திரிக் கணக்கு. சலவைக்குப் போன கால்சட்டையில் அது இருந்திருக்கிறது.

கிளம்புகிற நாள். என்னிடம் அப்போது மாப்பிள்ளையின் இரண்டு காலுறைகள் நிறைய நாணயம். பட்டினி கிடந்து சேர்த்ததல்ல, பாடுபட்டுச் சேர்த்தது. விமான நிலையத்தில் பணம் மாற்றும் கவுண்டர்க்காரர் தாள் மட்டும்தான் வாங்குவோம், நாணயம் வாங்க மாட்டோம் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் இதையே சொல்லியிருக்கிறேன், இதே குரலில். டல்லாஸில் இதைக் கொண்டுபோய் என்ன செய்வது?

ஒரு காப்பியும் கோன்சா என்கிற இனிப்பு பன்னும் வாங்கினேன். 119 பெசோ 50 சென்டாவோ. கவுண்டரில் காலுறையைக் கவிழ்த்தேன். அந்தப் பெண் ஓர் அடி பின்வாங்கினாள். “கவலைப்படாதே அம்மா” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பத்துப் பத்தாக அடுக்கினேன். ஒரு பெசோ தனி, இரண்டு பெசோ தனி, ஐந்து தனி, விளிம்பு நேராக. பின்னால் வரிசை வளர்ந்தது. மாப்பிள்ளை பத்திரிகைக் கடைப் பக்கம் ஒதுங்கி, ஸ்பானிஷ் பத்திரிகை ஒன்றை விரித்துப் படிக்கத் தொடங்கினார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது.

120 கொடுத்தாயிற்று. மீதி ஐம்பது சென்டாவோவை ஏதோ அறக்கட்டளைக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்த ஊர்க் கடைகளில் கேட்கிற வழக்கந்தான். தர்மம் செய்ய நான் தயார், என் கையால் செய்வேன். மீதியைக் கொடு என்றேன். அவள் கல்லாவைத் துழாவினாள். மானேஜர் வந்தார். அவரும் துழாவினார். என் மகள் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, போர்டிங் போட்டாச்சு.”

“அம்பது சென்டாவோ வரணும்மா.”

கடைசியில் மானேஜர் ஒரு ஜாடிக்குள் கைவிட்டு ஒரு மிட்டாயை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். நம் மளிகைக்கடைக்காரர் வைப்பாரே, அதே மாதிரி. “புளி மிட்டாய்தாங்க, வாங்கிட்டு வாங்க” என்றாள் மனைவி. வாங்கிக்கொண்டேன். விமானம் மேலே கிளம்பியதும் பிரித்து வாயில் போட்டேன். புளியோடு மிளகாய்த்தூளும் சேர்த்திருந்தார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டேன். மலிவு விலை டிக்கெட். தண்ணீருக்கும் தனிக் காசு. காலுறையை எடுத்தேன்.

கார்டு மட்டும்தான் வாங்குவார்களாம்.